பித்தளைச் சரக்குப்பெட்டியும் மூன்று பற்றாசுகளும்: கிளிநொச்சித் திருத்தகம் ஒன்றிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இவ்வாய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் 66 மில்லிமீற்றர் நீளமுள்ள ஒரு பித்தளைச் சரக்குப்பெட்டி. பிரித்தானியப் புகையிரதப் பாதைகளில் நிலக்கரி சுமந்த, 16 தொன் கொள்ளளவுடைய, நான்கு சக்கர உருக்குப் பெட்டியின் மாதிரி அது. ஓரடிக்கு 4 மில்லிமீற்றர், அதாவது ஏறத்தாழ 1:76 என்ற அளவில், அரித்தெடுத்த பித்தளைத் தகடுகளாகவும் வெள்ளை உலோக வார்ப்புகளாகவும் உதிரியாக ஓர் அட்டைப் பெட்டிக்குள் அடங்கியிருந்த அந்தத் தொகுதியை, இலண்டனிலிருந்து கோயில் திருவிழாவுக்கு வந்த உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கட்டியவர் கிளிநொச்சியில் கைபேசியும் வானொலியும் திருத்தும் கடை வைத்திருப்பவர். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படிக்கும் அவருடைய மருமகன் கூட நின்றார். அளவெடுப்பதும் குறித்துவைப்பதும் என் பங்காக இருந்தன.

பெட்டியின் உடல் முழுவதும் பற்றாசால், அதாவது பாகங்களின் இடையே உருக்கி விட்டு அவற்றை இணைக்கும் உலோகக் கலவையால், ஒட்டி முடிந்து, கொதிநீரில் கழுவப்பட்டபோது, உறுதியாகப் பிடித்திருந்த சில சிறு பாகங்கள் வழுக்கிக் கழன்றன. அதே நீரில், அதே நேரத்தில், மூலை ஒட்டுகள் அசையவே இல்லை. இந்த வேறுபாட்டின் காரணத்தைத் தேடியதும், அந்தக் காரணம் வேலையின் ஒழுங்கை மாற்றியதுமே இங்கே விரிவாகப் பேசப்படுகின்றன.

வடபகுதிப் பாதையில் ஓடாத ஒரு பெட்டியை ஏன் கட்ட வேண்டும் என்று கேட்கப்படலாம். 1905இல் காங்கேசன்துறை வரை நிறைவுற்ற அந்தப் பாதையில் 1990 யூன் மாதத்துடன் வன்னிக்கான சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. கிளிநொச்சிக்கு மறுபடி புகையிரதம் வந்தது 2013 செப்ரெம்பரில். இடைப்பட்ட காலத்தில் வளர்ந்தவர்களுக்கு சரக்குப்பெட்டி என்பது மூத்தவர்களின் பேச்சில் வரும் பொருள் மட்டுமே. பழைய பாதையின் பெட்டிகளைத் தாமே வரைந்து, தகடு அரித்து, கட்ட வேண்டும் என்பது கடைக்காரரின் நெடுநாளைய எண்ணம். இந்த ஆங்கிலேயப் பெட்டி அதற்கான கைப்பழக்கம். பயிற்சிக்கு இதைத் தெரிவுசெய்தது பொருத்தமென்றே நான் கருதுகிறேன், ஏனெனில் மூலப்பெட்டியே உருக்குத் தகட்டால் ஆனது. மரப்பலகைப் பெட்டியைப் பித்தளையில் காட்டுவதற்கு வேண்டிய பாசாங்கு இதில் வேண்டியதில்லை.

தொடக்கத்திலேயே மருமகன் ஒரு கேள்வி எழுப்பினார்: "மாமா, எங்கட தண்டவாளம் அகலமெல்லோ, சக்கரத்தைத் தள்ளி வைச்சால் என்ன?" கணக்கு இப்படி வருகிறது. இலங்கைப் புகையிரதப் பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம். ஓரடிக்கு 4 மில்லிமீற்றர் என்ற அளவில் அது 22 மில்லிமீற்றர். கடையில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளமோ 16.5 மில்லிமீற்றர். பிரித்தானியாவின் 4 அடி 8½ அங்குலப் பாதைக்கே அது குறுகல்தான், 18.83 இருக்க வேண்டும். ஆகவே இந்தப் பெட்டியை எங்கள் பாதைக்கு அகட்டினால் அது எந்த நாட்டுக்கும் உரியதாகாது. ஆனால் அளவையே மாற்றி, ஓரடிக்கு 3 மில்லிமீற்றர் என்று எடுத்தால், ஐந்தரை அடி மிகச் சரியாக 16.5 மில்லிமீற்றராகிறது. எங்கும் கிடைக்கும் தண்டவாளம் ஒரு மயிரிழையும் மாற்றாமல் இலங்கைப் பாதைக்குப் பொருந்திவிடுகிறது. இந்தப் பெட்டியைத் தொகுதியில் உள்ளவாறே கட்டுவதென்றும், எங்கள் பெட்டிகளை 3 மில்லிமீற்றர் அளவில் வரைவதென்றும் அன்றே முடிவாயிற்று.

மடித்தலும் நேராக்கலும்

தகடுகள் பெரிக் குளோரைட்டுக் கரைசலில் அரித்து உருவாக்கப்பட்டவை. மடிக்க வேண்டிய கோடுகளில் தகட்டின் பாதித் தடிப்பு மட்டும் அரிக்கப்பட்டிருக்கும். அந்தப் பள்ளம் மடிப்பின் உட்புறமாக அமையும்படி மடித்தால் செங்கோணத்தில் விளிம்புகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். மடிப்பதற்குக் கடையில் விற்கும் கருவி எதுவும் இருக்கவில்லை. தச்சரிடம் வாங்கிய முதிரைத் துண்டு இரண்டைச் சீவி, விளிம்பு கூராக வரும்படி தேய்த்து, அவற்றின் இடையே தகட்டை இறுக்கி மடித்தார்கள். வன்னி முதிரையின் இறுக்கம் இதற்குப் போதும். மென்மரமாக இருந்திருந்தால் தகட்டின் விளிம்பு மரத்தில் பதிந்து மடிப்பு உருண்டுபோயிருக்கும். மடித்த பின் பள்ளத்தின் உட்புறம் பற்றாசு ஓட்டி வலுவூட்டுவது கட்டாயம். பாதித் தடிப்பில் நிற்கும் மடிப்பு ஒருமுறை மடித்ததைத் தாங்கும். திரும்பவும் விரித்து மடித்தால் வெடிக்கும்.

அரித்த தகட்டின் ஓரம் எப்போதும் சற்றுக் கூம்பியிருக்கும், ஏனெனில் கரைசல் இரு பக்கங்களிலிருந்தும் உள்நோக்கி அரித்துவருகிறது. அதை நகைத் தொழிலாளியிடம் இரவல் வாங்கிய மெல்லரத்தால் தேய்த்தெடுத்தார்கள். அவர் இரவலோடு ஆலோசனையும் தந்தார்: "வெண்காரம் போடு தம்பி, எல்லாம் ஓடிப் பிடிக்கும்." வெள்ளி, தங்க வேலைக்கு அது பொன்னான ஆலோசனை. ஆனால் வெண்காரம் உருகித் தொழிற்படுவதற்கு 740 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும். அந்த வெப்பத்தில் எங்கள் பற்றாசு ஓடிப்போய்விடும், மெல்லிய பித்தளையும் இளகித் தொய்ந்துவிடும். பித்தளையின் மேலுள்ள ஒட்சைட்டுப் படலத்தை நீக்க, ஐதான பொசுபோரிக் அமிலமே பிளக்சாகப் பயன்பட்டது.

வெப்பம்

இந்தத் தொழிலில் புதியவர்கள் அஞ்சுவது சூட்டுக்கு. அஞ்ச வேண்டியது சூடு நிற்கும் நேரத்துக்கு. கைபேசி திருத்தும் மெல்லிய முனையால் பித்தளைச் சுவரை ஒட்ட முயன்றால், பித்தளை வெப்பத்தை அள்ளிக்கொண்டு போவதால், முனை குளிர்ந்து, ஒட்டு உருகாமல், கையை எடுக்காமல் நெடுநேரம் பிடிக்க வேண்டியதாகும். அதற்குள் முழுச் சுவரும் சூடேறிவிடும். பித்தளை ஒவ்வொரு பாகைக்கும் தன் நீளத்தில் ஏறத்தாழ பத்து இலட்சத்தில் 19 பங்கு விரிகிறது. 66 மில்லிமீற்றர்ச் சுவர் 200 பாகை சூடேறினால் கால் மில்லிமீற்றர் நீள்கிறது. சுவரின் ஓர் ஓரம் நீண்டு மறு ஓரம் நீளாவிட்டால் அது வில்லாக வளையும். அந்த நிலையில் ஒட்டு உறைந்தால் வளைவும் கூடவே உறைந்துவிடும். ஆகவே கடைக்காரர் தம்மிடமிருந்த பருத்த, உளிவாய் முனையை மாட்டி, வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியை உயர்த்தி, ஓர் ஒட்டுக்கு ஓரிரு விநாடி என்று தொட்டு எடுத்தார். மூலையில் முதலில் ஒரு புள்ளி, எதிர்மூலையில் ஒன்று, செங்கோணம் பார்த்த பின்னரே நீள ஓட்டம். கச்சான் காற்று வீசும் காலமாதலால் யன்னலையும் மின்விசிறியையும் அடைத்துவைக்க நேர்ந்தது, இல்லையெனில் சூடு நில்லாது. பிளக்ஸ் புகை உடலுக்கு ஆகாது என்பதால் கணினி விசிறி ஒன்றைப் புகைபோக்கியாக மேசையின் ஓரத்தில், வேலையைத் தொடாத தூரத்தில் பொருத்தினார்கள்.

அடுத்தடுத்த ஒட்டுகளில் முந்தையவை கழலாதிருக்க, உருகுநிலை படிப்படியாக இறங்கும் பற்றாசுகள் வேண்டும் என்பது உலோக மாதிரி கட்டுபவர்களின் பொதுவான வழக்கம். வெளிநாட்டில் அவற்றை இதற்கென்றே விற்கிறார்கள். கிளிநொச்சியில் அப்படியொரு கடை இல்லை. ஆனால் கைபேசித் திருத்தகத்தின் இழுப்பறையில் மூன்று படிகள் ஏற்கெனவே இருந்தன. புதிய கைபேசிப் பலகைகளுக்கான, காரீயமற்ற, வெள்ளீயத்தோடு சிறிதளவு வெள்ளியும் செம்பும் கலந்த பற்றாசு: 217 முதல் 220 பாகை. பழைய வானொலிகளுக்கான, வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் கொண்ட கம்பி: 183 பாகை. அருகிலுள்ள நுண் பாகங்கள் கெடாமல் ஒன்றைக் கழற்றி மாட்டுவதற்கான, வெள்ளீயம் 42 பங்கும் பிசுமது 58 பங்கும் கொண்ட பசை: 138 பாகை. இந்த மூன்றையும் கண்டதும் எனக்கும் மகிழ்ச்சியே ஏற்பட்டது. பார்வைக்கு அது ஒழுங்கான ஏணி.

கடைக்காரர் மூலைகளையும் தரைத்தட்டையும் 183 பாகைக் கம்பியால் ஒட்டினார், ஏனெனில் அவர் கை அதிகம் பழகியது அதில்தான். பக்கச் சுவர்களில் கதவுக் கீல்களும் நிலையான முனைச் சுவரின் வெளிப்புறத்தில் நிமிர்ந்து நிற்கும் உதைகால்களும் வர வேண்டிய இடங்களுக்கு, அதே கம்பியால் முன்கூட்டியே மெல்லிய பூச்சுக் கொடுத்தார். பின்னர் அந்தச் சிறு பாகங்களின் அடியில் பிசுமதுப் பசையைத் தடவி, வைத்து, மேலிருந்து சூடு காட்டினார். எல்லாம் அழகாக அமர்ந்தன. நகத்தால் நெம்பிப் பார்த்தும் அசையவில்லை.

கொதிநீர்

அமிலப் பிளக்ஸ் தகட்டில் நின்றால் பச்சைக் களிம்பு பிடிக்கும், வர்ணம் உரிந்துவரும். அதைப் போக்குவதற்காகப் பெட்டியைக் கேத்தலில் கொதித்த நீரை ஊற்றிய பாத்திரத்தில் இட்டு, அடுப்பின் மேலேயே சிறிது நேரம் வைத்தார்கள். கீல்கள் இரண்டு பாத்திரத்தின் அடியில் கிடந்தன. உதைகால் ஒன்று சரிந்து சாய்வாக ஒட்டிக்கொண்டிருந்தது. நீரின் கொதிநிலை 100 பாகை. உபயோகித்த பற்றாசுகளில் மிகத் தாழ்ந்ததே 138 பாகையில்தான் உருகும். முதலில் எழுந்த ஐயம் பசை பழுது, அல்லது ஒட்டு உண்மையில் பிடிக்கவேயில்லை என்பது. ஆனால் கழன்ற கீலின் அடிப்புறம் மங்காமல் வெள்ளியாக மின்னியது. பிடிக்காத ஒட்டின் அடி அப்படி இருக்காது. அது பிடித்து, பின்னர் உருகியிருந்தது.

காரணம் உலோகக் கலவைகளின் இயல்பில் இருக்கிறது. வெள்ளீயம், காரீயம், பிசுமது ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேரும்போது, அவற்றில் ஒரு குறித்த விகிதத்திலான பகுதி ஏறத்தாழ 96 பாகையிலேயே உருகுகிறது. மூன்று உலோகங்களில் எதுவும் தனியாக அந்த வெப்பத்துக்கு அருகிலும் உருகாது: வெள்ளீயத்துக்கு 232 பாகை, பிசுமதுக்கு 271, காரீயத்துக்கு 327. கொதிநீரில் உருகும் கலவைகள் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. தீயணைப்புத் தெளிப்பான்களின் பூட்டுகளுக்கு அவ்வகைக் கலவைகள் பயன்பட்டுவந்திருக்கின்றன. காரீயப் பூச்சின் மேல் பிசுமதுப் பசையை உருக்கியபோது, தாழ்ந்த படி என்று நினைத்த இடத்தில் அதனினும் தாழ்ந்த, எந்தப் புட்டியிலும் எழுதப்படாத நான்காவது படி ஒன்று தானாக உருவாகியிருந்தது. கைபேசித் திருத்தகங்களில் இது வெளிப்படுவது அரிது, ஏனெனில் சாதாரணப் பாவனையில் கைபேசிப் பலகை அந்தச் சூட்டை எட்டுவதில்லை. அதைக் கொதிநீரில் இடுபவரும் இல்லை.

விளக்கம் பொருந்துவதாலேயே அது சரியென்று ஆகிவிடாது. ஆகவே தகட்டுத் தொகுதியின் சுற்றுச் சட்டத்திலிருந்து, எப்படியும் எறியப்படும் பித்தளைக் கீற்றுகளை வெட்டிச் சோதித்தோம். முதலாவதில் வெறும் பித்தளை மேல் பிசுமதுப் பசை. இரண்டாவதில் காரீயக் கம்பிப் பூச்சின் மேல் அதே பசை. மூன்றாவதில் காரீயமற்ற பற்றாசுப் பூச்சின் மேல் அதே பசை. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சிறு கம்பித் துண்டு ஒட்டி, மூன்றையும் ஒன்றாகக் கொதிநீரில் இட்டு, இடுக்கியால் கம்பியை மெல்லத் தள்ளிப் பார்த்தார் மருமகன். முதலாவதும் மூன்றாவதும் அசையவில்லை. இரண்டாவது வழுக்கியது. கொதி அடங்கிச் சற்று ஆறிய நீரில் அதே இரண்டாவது கீற்றை மறுபடி தள்ளியபோது அது கல்லாக நின்றது. இந்தக் கடைசிச் சோதனையே என்னை முழுமையாக நம்பவைத்தது, ஏனெனில் ஒட்டின் தரக்குறைவு வெப்பநிலையைப் பார்த்து வந்துபோவதில்லை.

இதற்கு இரு தீர்வுகள் இருந்தன. ஒட்டுகளை அப்படியே விட்டு, இனிமேல் வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் தூரிகையால் கழுவுவது ஒன்று. பொசுபோரிக் அமிலம் நீரில் கரைவதால் அதைப் போக்கக் கொதிநீர் உண்மையில் தேவையே இல்லை. வன்னி வெயிலில் பூட்டி நிற்கும் வாகனத்துக்குள்கூட 96 பாகை வராது. மற்றது, காரீயம் பட்ட இடங்களைச் செப்புப் பின்னலால் உறிஞ்சி, சுரண்டி, காரீயமற்ற பூச்சிட்டு, மறுபடி ஒட்டுவது. கடைக்காரர் இரண்டாவதைத் தெரிவுசெய்தார். கீல்களுக்கு அது அளவுக்கு மீறிய வேலை என்பது என் கணிப்பு. அவை சுவரோடு படிந்து கிடப்பவை, எதிலும் முட்டப்போவதில்லை. உதைகால்களுக்கு மட்டும் அவர் செய்தது சரி, ஆயினும் அங்கே பிசுமதுப் பசையையே மீண்டும் பாவிக்காமல் இருக்கலாம் என்றேன், ஏனெனில் பிசுமதுக் கலவை நொறுங்கும் தன்மையது. கை பட்டு அடிவாங்கும் இடத்துக்கு அது ஆகாது. அதை ஏற்று, உதைகால்களைக் காரீயமற்ற பற்றாசாலேயே ஒட்டினார். அருகிலிருந்த மூலை ஒட்டுகள் இளகாதிருக்க ஈரப் பஞ்சை அவற்றின் மேல் வைத்துக்கொண்டார்.

தாழ்ந்த வெப்பத்திலேயே உருகிவிடும் வெள்ளை உலோகத்தால் ஆன பஃபர்களையும் (பெட்டியின் முனைகளில் மோதலைத் தாங்கும் முட்டுகள்) அச்சுப் பெட்டிகளையும் எந்தப் பற்றாசும் தொடவில்லை. வெளிநாட்டவர் இதற்குப் பயன்படுத்தும் 70 பாகைப் பற்றாசில் கட்மியம் கலந்திருப்பது வழக்கம். அதன் புகை நஞ்சு. இரு கலவை எபொக்சிப் பசையே போதுமானதாக இருந்தது.

சக்கரங்கள்

நான்கு சக்கரங்கள் விறைப்பான சட்டத்தில் இருந்தால், தண்டவாளத்தின் சிறு மேடுபள்ளத்திலும் ஒன்று அந்தரத்தில் நிற்கும். பாதை பிரியும் இடத்தில் அதுவே தடம்புரளக் காரணமாகும். இந்தத் தொகுதியில் ஓர் அச்சு நிலையானது. மற்றது பெட்டியின் நடுக்கோட்டில் ஓடும் கம்பியின் மேல் பக்கவாட்டில் ஆடக்கூடியது. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பதற்கான காரணமே இங்கும் தொழிற்படுகிறது. ஆடும் கம்பிக்குள் பற்றாசு ஊர்ந்து போய் அதைப் பூட்டிவிடாதிருக்க, முன்கூட்டியே நிரந்தர மைப் பேனாவால் கம்பியைக் கறுப்பாக்கினார்கள். மை பட்ட இடத்தில் பற்றாசு பிடிக்காது. அச்சுகளின் இடைத்தூரம் மூலத்தில் 9 அடி, இங்கே 36 மில்லிமீற்றர். இரு பக்கமும் வேணியர் இடுக்கியால் அளந்து, அச்சுகள் ஒன்றுக்கொன்று சமாந்தரம் என்று கண்ட பின்னரே அச்சு முனைகள் சுழலும் கிண்ணத் தாங்கிகள் ஒட்டப்பட்டன. கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள சாதாரண எழுதும் தாளின் கீற்றைச் செருகி இழுத்தபோது நான்கும் தாளைப் பிடித்தன.

எடை குறைவாக இருந்தது. அச்சுக்கு 25 கிராம் என்ற வழக்கின்படி 50 கிராம் வேண்டும். முல்லைத்தீவு மீனவர்கள் வலைக்குக் கட்டும் காரீயக் குண்டுகளைத் தட்டித் தகடாக்கி, தரையின் அடியில் எபொக்சியால் ஒட்டினார்கள். மரவேலைக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசையை இங்கே ஒருபோதும் பாவிக்கக் கூடாது. அதிலிருந்து வெளிப்படும் அசற்றிக் அமிலம் காரீயத்தை மெல்ல அரித்து வெண்பொடியாக்கும். அந்தப் பொடி பருத்து, ஆண்டுகள் கழிந்து தரையையே பிளந்துவிடும்.

வர்ணம்

வர்ணத்துக்கு முன் பித்தளையின் மங்கலைப் போக்குவதற்குக் குத்துவிளக்குத் துலக்கும் புளியே போதுமாயிற்று. கடைசி அலசலுக்குக் கிணற்று நீர் ஆகவில்லை. இப்பகுதி நீரின் கல்சியம் உலர்ந்ததும் வெண்படையாக நிற்கிறது. வாகனப் பற்றரிக்கு ஊற்றும் வடிநீரால் அலசினார்கள். வாகன வர்ணம் விற்கும் கடையில் உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் அடிப்பூச்சு கிடைக்கிறது. அதன் மேல் வெளிர் சாம்பல். வெற்றிட பிரேக் இல்லாத பெட்டிகளுக்குரிய நிறம் அதுதான். பிரேக் பொருத்தியவை செங்கபில நிறத்தில் ஓடின. முனைக்கதவு எந்தப் பக்கம் என்று காட்டும் வெள்ளைச் சாய்கோட்டை மருமகன் ஒட்டுத்தாளால் மறைத்துப் பூசினார்.

அடுத்தது 3 மில்லிமீற்றர் அளவுப் பெட்டிக்கான வரைபடம். அதில் கீல்களும் உதைகால்களும் தனிப் பாகங்களாக வாரா: சுவர்த் தகட்டின் வெளிப்புறத்தைப் பாதித் தடிப்புக்கு அரித்து, அவற்றை மட்டும் முழுத் தடிப்பில் மேடாக விட்டுவிடுவதாகக் கடைக்காரர் வரைகிறார். மூலைகளுக்குக் காரீயமற்ற பற்றாசு, சிறு கம்பி வேலைக்கு வெறும் பித்தளை மேல் பிசுமதுப் பசை. 183 பாகைக் கம்பிச் சுருள் வானொலி மேசைக்குத் திரும்பிவிட்டது.